கையை வீசிக்கொண்டு

காரைக்குடி வட்டாரத்து வீடுகளில் சிங்கப்பூரைப் பற்றிப் பேசாத நாள் குறைவு. பாட்டனார்கள் கொண்டுவிற்கப் போன காலந்தொட்டே அவ்வூர் நம்மவர்க்கு அடுத்த தெருவைப் போன்றது. அங்குள்ள டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை நகரத்தார் எழுப்பியது 1859இல். விடுமுறைக்கு வரும் உறவினர், நம்மூர்ப் பேருந்து நிலையத்தைக் கண்டதுமே சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: "அங்கெல்லாம் குப்பை போட்டா ஃபைன்!" நாமும் அதற்குத் தலையாட்டி வந்தவர்தாம், 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சந்தை நாள் வரை.

அவ்வாண்டு சனவரி முதல் நாள்தான் தமிழகத்தில் ஞெகிழித் தடை நடைமுறைக்கு வந்தது. தடிமன் எதுவாயினும் ஞெகிழிப் பை கூடாது. குவளை, தட்டு, உறிஞ்சுகுழல் என்று பட்டியலில் பதினான்கு பொருள்கள். அறிவிப்பு 2018 சூன் மாதமே வந்துவிட்டது என்பதால் அவகாசம் இல்லையென்று குறை சொல்ல இயலாது. நாம் அத்தடையை வரவேற்று வகுப்பில் பேசியும் இருந்தோம்.

வாரச்சந்தை ஒன்றில் மல்லிகை வாங்க நின்றிருந்தோம். பூ விற்கும் அம்மையார் மூன்று முழம் அளந்து வாழையிலையில் சுற்றினார். தண்ணீர் சொட்டிற்று. சட்டை நனையுமே என்று, "ஒரு பை இருந்தாக் குடுங்கம்மா" என்றோம். கூடைக்கடியில் மடித்து வைத்திருந்த நாலைந்து பைகளில் ஒன்றை அவர் உருவிய நேரம், சோதனைக்கு வந்த மூவர் எதிரே நின்றனர். ஐந்நூறு ரூபாய் என்றனர். அம்மையார் கெஞ்சினார். நாம், பை கேட்டது நாம்தான் என்றோம். "நீங்க படிச்சவரு சார், ஒதுங்குங்க" என்று மரியாதையாகவே சொன்னார்கள். பைகள் பறிமுதலாயின, பணமும் போயிற்று. அன்று அவர் கொள்முதல் செய்த பூவின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

பக்கத்துக் கடையில் சிப்ஸ் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர்கள்மீது குற்றமில்லை. ஆலையிலேயே பொருளை அடைத்து முத்திரையிட்டு வரும் உறைகளுக்கு அரசாணை அப்போது விலக்கு அளித்திருந்தது. 2020 சூனில்தான் அது நீக்கப்பட்டது. ஆக, தின்றபின் காற்றில் பறந்து ஊருணியில் மிதக்கும் உறைக்கு அன்று தண்டமில்லை. கூடைக்கடியில் மடித்திருந்த பைக்கு உண்டு.

சிங்கப்பூர்ச் சட்டத்தின் கடுமையை நாம் போற்றவில்லை. மெல்லும் கோந்தை 1992இல் தடை செய்தது நமக்கு இன்றும் மிகையாகவே படுகிறது. 2015இல் ஒருவர் தம் வீட்டுச் சன்னல் வழியே மீண்டும் மீண்டும் சிகரெட் துண்டுகளை எறிந்ததற்காக 19,800 வெள்ளி தண்டம் விதிக்கப்பெற்றார். மொத்தம் 34 துண்டுகள். படிக்கையில் திகைப்பே உண்டாகிறது. அவ்வூர்த் தூய்மையில் அயல்நாட்டுத் துப்புரவாளர் பலரின் உழைப்பும் அடக்கம். உறவினர் அதைச் சொல்வதில்லை. எனினும் அங்குத் தண்டம் எறிந்தவர் தலையில் விழுந்தது. இங்கோ எறியாதவர் தலையில் விழுந்தது, அவர் கைக்கெட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தமையால்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதே மாதம் நாம் முன்நின்று நடத்திய கருத்தரங்கில், ஞெகிழி பூசிய தாள் குவளையில்தான் தேநீர் வழங்கினோம். அதுவும் தடைப்பட்டியலில் உள்ளதே. சுற்றுச்சூழல் குறித்த கட்டுரை ஒன்றும் அவ்வரங்கில் வாசிக்கப்பட்டது. சோதனைக்கு எவரும் வரவில்லை. வாயிற்படியில் காலணிகளுக்குப் பக்கத்தில் குவளைகள் குவிந்து கிடந்தன. பனையோலைக் கொட்டானில் சீர்வரிசை வைத்துக்கொடுத்த சீமை இது என்பது அரங்கில் இருந்த எவர்க்கும் தெரியாததன்று.

சந்தையில் அன்று அம்மையாரிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டினோம். வாங்கவில்லை. "வச்சுக்கங்க சார். அடுத்த வாரமும் கையை வீசிக்கிட்டுத்தான் வருவீக" என்றார். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் போனோம். பை கொண்டுபோக மறந்திருந்தோம். இலையில் சுற்றி நாரால் கட்டித் தந்தார். நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு மீதி வேண்டாமென்று நகர்ந்தோம். பின்னாலேயே கூப்பிட்டு, நாணயம் வரை எண்ணிக் கையில் வைத்தார். சட்டையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.