எழுபது வளைவுகளுக்கு அப்பால்

கோடை விடுமுறை நெருங்கினால், "சாமி, பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம்?" என்று பங்குக் குடும்பத்தார் கேட்பதுண்டு. நீர்ச்சறுக்கும் இராட்டினமும் நிறைந்த கேளிக்கைப் பூங்காக்களை அவர்கள் முன்னரே பார்த்தாயிற்று. நான் கொல்லிமலையைச் சொல்வேன்.

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் புரட்டும்; கையில் எலுமிச்சம்பழம் இருக்கட்டும்! மேலே 14 நாடுகள். நாடு என்பது இங்கே சிற்றூர்கள் பல சேர்ந்த ஊராட்சியே. வருவோர் பெரும்பாலும் ஆகாயகங்கை அருவியைக் கண்டதும் திரும்பிவிடுகின்றனர். பைல் நாட்டின் பெயரைக்கூடப் பலர் கேட்டதில்லை. அத்தகைய நாடுகளுக்குள் சற்றே நடந்து பாருங்கள். மரங்களில் படர்ந்த மிளகுக்கொடி, காப்பிச்செடி, பலா. இவற்றினிடையே மலையாளிகளின் குடியிருப்புகள். இவர்கள் கேரளத்தார் அல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர்.

சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. சாமையைக் குத்திப் புடைக்கும் பாடு பெண்களுடையது. மரவள்ளியோ சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளில் காசாகிறது. அவர்களைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரின் முயற்சியால் அரவை இயந்திரங்கள் வந்தபின், சிறுதானியம் மீண்டும் சிறிது விலைபோகிறது.

போகிறவர்கள் சாமை அரிசி வாங்கி வாருங்கள். நெகிழிப் பைகளை அங்கே விட்டுவர வேண்டாம். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள், மூடுபனி கவிந்தால் வளைவுகள் புலப்படா.