திருத்தத்திற்கும் ஒரு குறிப்பேடு

திருத்துதல் ஆசிரியப் பணியின் உயிர்நாடி. மாணவரின் ஏட்டில் சிவப்பு மையால் இடப்படும் ஒவ்வொரு கோடும் ஒரு பாடமே. ஆயின், அக்கோடு ஏன் இடப்பட்டது என்பதை மாணவர் அறியாவிடின், அது தண்டனையாக நிற்குமேயன்றிப் பாடமாக மாறாது. இவ்வுண்மை வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. பயன்படுத்துவோரின் திருத்தங்களிலிருந்து கற்குமாறு அமைக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இது பொருந்தும்.

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆசிரியர், பயிற்சித் தாள்களை ஆயத்தம் செய்ய இத்தகைய உதவிக் கருவி ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது ‘ஒழுங்குமுறை ஆசிரியர்’ என்று எழுதியபோது, இந்நாட்டுப் பள்ளிகளில் ‘கட்டொழுங்கு ஆசிரியர்’ என்பதே வழக்கு என்று திருத்தினார். மறுநாளும் அது மறவாமல் அவ்வாறே எழுதியது. ஆசிரியர் அகமகிழ்ந்தார். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லத் தேவையில்லாத மாணாக்கர் கிடைப்பது அரிதன்றோ!

பின்னர் ஒருநாள், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான வாசிப்புப் பகுதி நீண்ட வாக்கியங்களால் அமைந்திருக்கக் கண்டு, “வாக்கியங்கள் சிறியனவாக இருத்தல் வேண்டும்” என்று திருத்தினார். கருவி அதனையும் ஏற்றுக்கொண்டது. திங்கள் சில கடந்தன. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கென அது எழுதித் தந்த மாதிரிக் கட்டுரைகள் துண்டு துண்டான வாக்கியங்களாய் இருந்ததை, வேலை மிகுதியால் ஆசிரியர் கவனிக்கவில்லை. மாணவர்களோ அவற்றையே முன்மாதிரியாகக் கொண்டனர். “வினையெச்சங்களால் வாக்கியத்தைத் தொடுக்கத் தெரியவில்லையே!” என்று ஆசிரியர் அவர்களைக் கடிந்துகொண்டார். மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்து, “நீங்கள் கொடுத்த கட்டுரையைப் பார்த்துத்தான் எழுதினோம், ஐயா” என்றாள்.

அன்று மாலை அவர் கருவியின் நினைவுப் பட்டியலைத் திறந்து பார்த்தார். ‘ஆசிரியர் சிறிய வாக்கியங்களையே விரும்புகிறார்’ என்ற குறிப்பு அதில் இருந்தது. எந்த ஆண்டு மாணவர்க்கு, எக்காரணத்தால் என்பன அதில் இல்லை. திருத்தம் எஞ்சியிருந்தது, அதன் எல்லை மறைந்துவிட்டது.

இக்கருவிகள் மாணவரைப் போல் கற்பனவல்ல. பொதுவாக, ஒருவர் உரையாடலில் சொல்லும் திருத்தம் கருவியின் அடிப்படையான மொழிமாதிரியை உடனே மாற்றிவிடுவதில்லை. அது தனிக் குறிப்பாகச் சேமிக்கப்பட்டு, பின்வரும் உரையாடல்களில் மீண்டும் படிக்கப்படுகிறது. இது ஒரு வகை. மொழிமாதிரியையே மனிதரின் மதிப்பீடுகளைக் கொண்டு பயிற்றுவிப்பது மற்றொரு வகை. 2022ஆம் ஆண்டில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஏறத்தாழ 40 மதிப்பீட்டாளர்களைக் கொண்டு அவ்வாறு செய்தது. அதன் பயனாக, 130 கோடி அளபுருக்கள் கொண்ட சிறிய மாதிரியின் விடைகள், 17,500 கோடி அளபுருக்கள் கொண்ட பெரிய மாதிரியின் விடைகளைவிட விரும்பத்தக்கனவாக மதிப்பிடப்பெற்றன. நல்ல திருத்தத்தின் வலிமை அத்தகையது. அம்மதிப்பீட்டாளர்க்கு வழங்கப்பட்ட வழிகாட்டுதல்களும் ஆய்வுரையின் பின்னிணைப்பில் இடம்பெற்றன. கற்பித்தவர் எதனைக் கருத்திற்கொண்டு கற்பித்தார் என்பதைப் பிறர் அறிய அது வழிசெய்தது.

காவலின்றிக் கற்கவிட்டால் நேர்வது என்ன என்பதற்கும் சான்று உண்டு. 2016 மார்ச் 23ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் ‘டே’ என்னும் உரையாடல் கருவியை டுவிட்டரில் உலவவிட்டது. மக்களுடன் பேசப் பேசக் கற்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அது, தீயோர் சிலர் புகட்டிய வெறுப்புரைகளைத் திருப்பிச் சொல்லத் தொடங்கியது. ஒரு நாளுக்குள் மீட்டுக்கொள்ளப்பட்டது.

நிரலாளர்கள் இதற்கொரு நல்வழி கண்டுள்ளனர். ‘கிளாட் கோட்’ போன்ற கருவிகள், பணி தொடங்குமுன் எளிய உரைக்கோப்பு ஒன்றைப் படிக்கின்றன. திருத்தங்கள் அக்கோப்பில் எழுதப்படுகின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் மென்பொருளால் அக்கோப்பைப் பேணினால், எந்த வரியை யார், என்று மாற்றினார், காரணமாக எதனைக் குறித்தார் என்பதெல்லாம் நிலைத்து நிற்கும். தவறான திருத்தத்தை நீக்கி, முன்னிருந்த நிலைக்கு மீளவும் இயலும்.

ஆகவே, இத்தகைய கருவியை உருவாக்குவோர் அதற்கெழுதும் விளக்க ஏட்டில் சில செய்திகளைத் தெளிவுறச் சொல்லுதல் கடமையாகும். திருத்தம் எங்கே சேமிக்கப்படுகிறது? அது ஒருவருக்கு மட்டும் உரியதா, அனைவருக்குமா? எப்போது படிக்கப்படுகிறது? இரு திருத்தங்கள் முரண்படின் எது வெல்லும்? நீக்குவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடையில்லாத ஏடு, எத்துணைப் பெரிதாயினும் நிறைவுடையதன்று.

தமிழர்க்கு இது புதிய பாடமன்று. ‘படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்பது பழமொழி. ஏடெழுதியோர் தாம் சரியென்று எண்ணியதை எழுதிச் சென்றனர். மாற்றியதற்குக் குறிப்பு வைத்திலர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடுகளையும் தம் பதிப்புகளில் குறித்துச் சென்றார். பின்வருவோர் தம் முடிவையும் ஆராயட்டும் என இடம் விட்ட பெருந்தன்மை அது.

அவ்வாசிரியர் அக்குறிப்பை அழித்து, ‘இரண்டாம் ஆண்டு வாசிப்புப் பகுதிக்கு மட்டும், எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கு எளிமை வேண்டி’ என்று மாற்றி எழுதினார். தம் மேசையிலும் ஒரு குறிப்பேடு வைத்து, கருவிக்குச் சொன்ன ஒவ்வொரு திருத்தத்தையும் நாளும் காரணமும் இட்டுப் பதிந்தார். மறுநாள் வகுப்பிற்குச் சென்று, “பிழை உங்களுடையதன்று, என்னுடையது” என்றார். அக்குறிப்பேட்டில் எழுதப்படாத திருத்தம் அஃதொன்றே. அதனை மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.