பதிலாசிரியராய் ஒரு பாடவேளை

அறியாததை அறியேம் என்று கூறுதல் எளிதன்று. கையிற் சுண்ணக்கட்டியோடு நிற்பார்க்கோ அது பின்னும் அரிது. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலம். 45 நிமிட ஆசிரியப் பணியிற் கற்றோம்.

கல்லூரி விடுமுறையில் ஒரு நாள், எம் பெரியம்மா தமிழ் கற்பிக்கும் பள்ளியில் 11-ஆம் வகுப்பின் உளநூலாசிரியை நோயுற்று வாராதொழிந்தார். "பாடத்தைப் படித்துக் காட்டு, பிள்ளைகள் இரையாமற் பார்த்துக்கொள், அது போதும்" என்று பெரியம்மா எம்மை அனுப்பினார். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவியாகிய எமக்கும் உளநூலுக்கும் உறவு யாதுமில்லை. எனினும், முப்பது பிள்ளைகள் எழுந்து "குட் மார்னிங் மிஸ்" என்றவுடன் எமது 19 வயது எமக்கே மறந்துபோயிற்று.

அன்றைய பாடம் நினைவும் மறதியும். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே ஆய்வுப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனனஞ் செய்து, அவை மறையும் விரைவை அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறந்ததை மீண்டுங் கற்குங்கால் மிச்சமாகும் உழைப்பே அவரது அளவுகோல். அம்மிச்சம் ஒரு மணி நேரங் கழித்து நூற்றுக்கு 44 ஆகவும், ஒரு நாள் கழித்து ஏறத்தாழ 34 ஆகவும் குறைந்தது. முதலில் விரைந்து வீழ்ந்து, பின் மெல்லச் சாயும் அக்கோட்டைக் கரும்பலகையில் வரைந்தோம்.

சோதனை செய்து காட்ட விழைந்து, பொருளற்ற எழுத்துக்களை எழுதப் புகுந்தோம். தமிழோ இடங்கொடுத்திலது! 'கோ' என்று எழுதின் அரசன் வந்து நின்றான். 'மா' என்று எழுதின் மரம் தழைத்தது. ஓரெழுத்து ஒருமொழி 42 என நன்னூலார் எண்ணி வைத்துள்ளாரன்றோ? பிள்ளைகள் நகைத்தனர், யாமும் நகைத்தோம்.

அப்பொழுது கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "மிஸ், ஒருவருடைய குரலும் இந்தக் கோட்டின்படியே மறந்துபோகுமா?" என வினவினாள். "எல்லாம் அப்படியே" என்றோம், சிறிதுந் தயங்காமல். அவள் அமர்ந்தாள், மணி அடிக்குமட்டும் தலை நிமிர்ந்திலள்.

அவள் அன்னை சென்ற ஆண்டு காலமான செய்தியைப் பெரியம்மா மாலையிற் கூறினார். அன்றிரவு எமக்கு உறக்கம் வந்திலது.

மறுநாள் நூலகஞ் சென்று தேடினோம். எபிங்ஹவுஸ் பைரனின் 'டான் ஜுவான்' செய்யுட்களையும் மனனஞ் செய்தாரென்றும், பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய உழைப்பிற் பத்திலொரு பங்களவே அவற்றிற்கு வேண்டியிருந்ததென்றும் கண்டோம். பழந்தொடர்புகள் நினைவுக்குத் துணைபுரியுமென்று அஞ்சியன்றோ அவர் பொருளற்றவற்றைத் தேடிப் பிடித்தார்! யாம் வரைந்த கோடு அவற்றிற்கே உரியது. அன்னையின் குரல் பொருளற்ற அசையோ? பொருளின்றி ஓரெழுத்தும் நில்லாதெனக் கரும்பலகையில் தமிழே எமக்கு உணர்த்திற்று. கேளாச் செவியராய் இருந்தது யாமே.

உடனே ஒரு கடிதம் வரைந்தோம். "அன்புள்ள தங்கைக்கு, நேற்று யாம் கூறியது பிழை. அக்குரல் ஒருபோதும் மறையாதென்று உறுதி கூற வல்லேமல்லேம், ஆயினும் அந்தக் கோடு அதற்கு வரையப்பட்டதன்று" என்று எழுதிப் பெரியம்மாவிடங் கொடுத்தனுப்பினோம். மறுமொழி வந்திலது, அதனை எதிர்பார்க்கும் உரிமையும் எமக்கில்லை.

நண்பர்காள்! நிலையான ஆசிரியருக்கு நாளை என ஒன்றுண்டு. இன்று தவறியதை அவர் நாளை திருத்தலாம். பதிலாசிரியருக்கு அந்நாளை இல்லை. ஆதலின், "அறியேம், கேட்டறிந்து சொல்வோம்" என்னும் சொல்லை எவரினும் முன்னே அவரே பயிலல் வேண்டும். ஆசிரியராக விழையும் யாம் முதற்கண் கற்ற பாடம் இதுவே.