கீற்றுக்குக் கீழே ஒரு கண்ணாடி

எங்கள் வீட்டு மாடியில் ஒரு விநோதம் இருக்கிறது. மேலே தென்னங்கீற்று வேய்ந்த கூரை. அதற்கு ஓரடி கீழே இன்னொரு கூரை, வெளிச்சம் தாராளமாக வரட்டும் என்று காசு கொடுத்து வாங்கிப் போட்டது. புதிதாகப் பார்க்கிறவர்கள் மழை ஒழுகாமலிருக்க இரட்டைக் கூரை போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "நல்ல யோசனை சார்" என்பார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் ஊட்டியிலிருந்து சொல்ல வேண்டும்.

முப்பது வருஷம் திருவாலங்காடு ஸ்டேஷனில் ஏறி, சென்னையில் ஓர் ஆபீஸில் கணக்கெழுதி, ராத்திரி அரக்கோணம் வண்டியில் திரும்பியவன் நான். ஓய்வு பெற்றதும் வீட்டுக்காரியை ஊட்டிக்கு அழைத்துப் போனேன். அங்கே தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகையில் பெரணியும் பிகோனியாவும் அடுக்கடுக்காக நின்றன. கண்ணாடி வழியே இறங்கிய வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. 'மிச்ச காலத்தை இப்படி ஓர் இடத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக் கழிக்க வேண்டும்' என்று தோன்றிவிட்டது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கோடையில் வானிலைச் செய்தியில் வேலூரோடு போட்டி போடும் திருத்தணி எங்களுக்குப் பக்கத்து ஊர். இந்த இரண்டு விஷயமும் எனக்குத் தெரியும். தனித்தனியாகத் தெரியும்.

மாடியில் ஏற்கெனவே ஒரு கொட்டகை இருந்தது. அப்பா போட்டது. இரண்டு வருஷத்துக்கொரு தரம் கீற்று மாற்ற வேண்டும், பூரான் விழும், எலி குடித்தனம் நடத்தும். அதைப் பிரிக்கப் போகிறேன் என்றதும் அம்மா, "வெயிலுக்கு அது நல்லா இருக்கும்டா" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். எண்பது தாண்டியவர்கள் ஒரு விஷயத்தை ஒரு தடவை மட்டும் சொன்னால் உஷாராகியிருக்க வேண்டும்.

பன்னிரண்டுக்குப் பத்தடி அறை. சுற்றிலும் கண்ணாடி. கூரைக்கும் கண்ணாடிதான் கேட்டேன். வேலைக்கு வந்தவர், "பக்கத்துல தென்னை இருக்கு, குரங்கு வேற வருது, பாலிகார்பனேட் ஷீட் போட்டுக்குங்க" என்றார். கண்ணாடி போலவே இருக்கும், உடையாது. கொசுவும் தூசியும் வராமல் எல்லாப் பக்கமும் இறுக்கி மூடச் சொன்னது நான். மேலே ஒரு திறப்பு விடட்டுமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றதும் நான்தான். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.

மாசி மாதம் முடியும் வரை நான்தான் ஊரிலேயே சந்தோஷமான மனிதன். பனி விலகாத காலையில் உள்ளே இதமான சூடு. ஆந்தூரியம், ஆர்க்கிட், நாலு தொட்டி பெரணி. எங்கள் ஊரில் என்ன முளைக்கும் என்று காரைக்கால் அம்மையார் ஆறாம் நூற்றாண்டிலேயே பாடி வைத்துவிட்டார்: கள்ளி, காரை, சூரை, எட்டி. இரத்தின சபையில் அம்மையாரைக் கும்பிட்டுவிட்டு வந்துதான் நான் ஆந்தூரியத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் பெரணி கருகியது. சித்திரையில் நான் கருகினேன். உள்ளே மாட்டியிருந்த வெப்பமானியில் 50 வரைதான் கோடு. ஒரு நாள் பதினொரு மணிக்கே முள் அதையும் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே அப்போது 39. திரை போட்டால் சரியாகும் என்று கூரைக்கு அடியில் கனமான நீலத் துணி கட்டினேன். அடுத்த நாள் அந்தத் துணியைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டேன். வெயில் ஷீட்டைத் தாண்டி உள்ளே வந்த பிறகு தடுத்து என்ன பயன்? துணி அதை வாங்கிச் சூடாக்கி அறைக்குள்ளேயே திருப்பிக் கொடுத்தது.

அடுத்து ஏசி. ஒன்றரை டன். கடைக்காரர் அறையின் நீள அகலம் கேட்டார், சொன்னேன். கூரை எதனால் ஆனது என்று அவர் கேட்கவில்லை; நானும் வாயைத் திறக்கவில்லை, வெட்கம். மத்தியானம் முழுக்க அது ஓடியும் அறை புழுங்கிக்கொண்டுதான் இருந்தது. ரெண்டு மாத மின்கட்டணத்தை அட்டையில் பார்த்த வீட்டுக்காரி, "அக்கினி நட்சத்திரத்துல சாமிக்கே ஒரு தாராபாத்திரம்தாங்க கட்டுறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷம் அறையில் குறை காணாத ஒரே ஜீவன் அம்மா. செடிகள் செத்துக் காலியான மேசைகளில் வேட்டியை விரித்து, கூழ் வத்தல் பிழிந்துவிட்டாள். மொட்டை மாடியில் ரெண்டு மூணு நாள் காக்காய் விரட்டிக் காய வைப்பது, உள்ளே ஒரே நாளில் கலகலவென்று ஆனது. தெருவில் இருந்தவர்களும் மோர் மிளகாயைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்கள். எனக்குக் கோபம். இரண்டரை லட்சத்தில் வத்தல் போடுகிறார்களே என்று.

வைகாசியில் பொள்ளாச்சிக்குப் போனோம். மகளைக் கொடுத்த இடம். சாப்பிட்டதும் சம்பந்தி, "வாங்க சம்பந்தி, புதுசா ஒண்ணு போட்டிருக்கறோம், காட்டறேனுங்க" என்று தோப்புக்குள் கூட்டிப்போனார். தென்னை நிழலில் நடந்து ஒரு வெட்டவெளிக்கு வந்தோம். அங்கே வெயிலில் பளபளவென்று நின்றது ஒரு கூடாரம். இரும்புச் சட்டம். வளைந்த கூரை.

எனக்கு முதலில் அந்த ஷீட்தான் கண்ணில் பட்டது. அதே ஷீட். ஓரத்தில் அதே வெள்ளி நிற டேப். சம்பந்தி கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்து முகத்தில் அடித்த காற்று எனக்குப் பழகிய காற்று. தினமும் என் மாடிக் கதவைத் திறக்கும்போது அடிப்பது. தட்டுத் தட்டாக, வாயைத் திறந்துகொண்டு, பாதித் தேங்காய்கள் கிடந்தன. நான் நாற்காலி போட வேண்டும் என்று ஆசைப்பட்ட மாதிரியான இடத்தில்.

"சூரியக் கூடார உலர்த்திங்க. வேளாண் பொறியியல் துறையில மானியம் தர்றாங்க. களத்துல ஒரு வாரம் கெடக்கறது இதுல மூணு நாள்ல கொப்பரை ஆயிருமுங்க. உள்ள அறுபது டிகிரி வரைக்கும் போகும்."

"எப்படி அவ்வளவு சூடு?"

"பெரிய சூட்சுமம் ஒண்ணுமில்லீங்க. வெயிலை உள்ள விடோணும், காத்தை அடைச்சு வெக்கோணும். ஈரத்தை மட்டும் அந்த ஃபேன் இழுத்துரும்." பிறகு என் பக்கம் திரும்பி, நிஜமான மரியாதையோடு கேட்டார்: "நீங்ககூட மாடியில ஒண்ணு போட்டிருக்கறீங்கன்னு பாப்பா சொல்லுச்சு. கொப்பரையா, மொளகாயா?"

மகள் எங்கோ தென்னை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வத்தல்" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் ரயிலில் கணக்குப் போட்டேன். முப்பது வருஷம் செய்த வேலையை ஏன் கட்டுவதற்கு முன்னால் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் கொண்டுவந்து கொட்டுகிறது. என் கூரை 11 சதுர மீட்டர். ஷீட் வழியே எண்பது சதவீதம் உள்ளே வந்தாலும் கிட்டத்தட்ட 9,000 வாட். அதாவது ஒன்பது இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறேன். ஒன்றரை டன் ஏசி வெளியேற்றுவது ஐயாயிரத்துச் சொச்சம். பாவம், அதன்மேல் என்ன தப்பு?

காற்றைப் பற்றி சம்பந்தி சொன்னதும் சும்மா இல்லை. 1909-இல் ராபர்ட் வுட் என்கிற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்குப் பாறை உப்பு, நம் இந்துப்பு ரகம். கண்ணாடி தடுக்கும் வெப்பக் கதிரை இந்துப்பு வெளியே விட்டுவிடும். ஆனாலும் இரண்டு பெட்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரி கொதித்தன. சூடான காற்று மேலே ஏறி ஓட வழியில்லாததுதான் முக்கியக் காரணம் என்றார் வுட். கொசு வரக் கூடாதென்று நான் அடைக்கச் சொன்ன வழி.

ஆனியில் வேலை நடந்தது. கூரை உச்சியில் இரண்டு ஷீட்டைக் கழற்றி, தூக்கி வைத்து, இடைவெளியில் வலை அடித்தோம். சுவரின் கீழ்வரிசைக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு அங்கேயும் வலை. கீழே நுழைகிற காற்று மேலே போய்விடும். நிழல் மட்டும் பாக்கி. நிழல் ஷீட்டுக்கு வெளியே, மேலே இருக்க வேண்டும் என்பது அந்த நீலத் துணி சொல்லிக்கொடுத்தது. 1851-இல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் கட்டிய ஜோசப் பாக்ஸ்டன்கூடக் கூரைக்கு மேலேதான் கேன்வாஸ் விரித்தாராம், அந்த ஊர் வெயிலுக்கே! பச்சை வலை போடலாமா என்று யோசித்தேன். கடைசியில், அப்பாவின் கொட்டகையைப் பிரித்த அதே ஆளைத்தான் கூப்பிட்டு அனுப்பினேன்.

சவுக்குக் கம்போடும் முடைந்த கீற்றோடும் வந்தவர் மாடியில் ஏறி, அறையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். ஷீட்டைத் தட்டிப் பார்த்தார். "இதுக்கு மேல கீத்தா சார்?"

"ஆமாம்ப்பா."

"அப்போ இது எதுக்கு?"

நான் கீழே போய் அவருக்கு மோர் கொண்டுவந்தேன்.

இப்போது உள்ளே ஊட்டி இல்லை. வெளியே வேப்பமர நிழலில் என்ன சூடோ அதேதான் அறையிலும். ஆனால் ஃபேன் போட்டால் உட்கார முடிகிறது, பேப்பர் படிக்க முடிகிறது. தொட்டிகளில் கற்றாழையும் மணிபிளான்ட்டும். ஏசி கீழே அம்மாவின் அறைக்கு மாறிவிட்டது. அவள் அதைப் போடுவதில்லை.

வேய்ந்து முடித்த அன்று சாயங்காலம் அம்மாவைக் கைபிடித்து மாடிக்கு ஏற்றிவந்தேன். அப்பா நாற்காலி போடும் மூலையில் அவளை உட்கார வைத்தேன். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். கீற்றை அண்ணாந்து பார்த்தாள். கையை நீட்டி மேசையைத் தடவினாள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

"எல்லாத்தையும் மூடிட்டியேடா" என்றாள். "வர்ற வருஷம் வத்தலை எங்கே காய வைக்கிறது?"