சோளகம் ஓய்ந்த மாம்புரி

கொழும்பிலிருந்து வரும் வீதியில், புத்தளத்துக்குச் சற்று முன் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாட்டுக்கான பாதை தொடங்கும். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். நடுவிலுள்ள மணல் நிலத்தில் வெங்காயம், மிளகாய், தென்னை. நுரைச்சோலையை அடுத்த கடற்கரைக் கிராமம்தான் மாம்புரி. வேலை நிமித்தம் நான் அடிக்கடி போய்வரும் ஊர். எந்த மாதத்தில் போனால் நல்லது என்று கேட்கும் சகோதரிகளுக்கு, செப்டெம்பர் கடைசியில் போங்கள் என்பேன்.

அப்போதுதான் சோளகம் ஓயும். மே மாதம் தொடங்கும் இந்தத் தென்மேல் காற்று நான்கைந்து மாதங்களுக்கு ஊரை ஒரு பாடு படுத்திவிடும். கதவைச் சாத்தினாலும் சோற்றில் மணல் விழும். கடல் கொந்தளிப்பதால் படகுகள் பெரும்பாலும் கரையில் கிடக்கும். சிலர் களப்பில் வலை போடுவார்கள், சிலர் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். இந்தக் காற்றை நம்பித்தான் 2010இல் மாம்புரியில் 10 மெகாவாட் காற்றாலைகளை ஒரு தனியார் நிறுவனம் நிறுவியது. மறு ஆண்டு பக்கத்திலேயே நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் மின்சாரம் தரத் தொடங்கியது. ஆகவே கடற்கரைக் காட்சி முழுவதும் இயற்கை அழகு என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த நாட்களில் மாலையில் கரைக்குப் போய் நின்றால் மனம் ஆறிவிடும். கடல் குளம்போலக் கிடக்கும். பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் மழைக்கு முந்திய கடைசி உப்பைக் குவித்து, கிடுகால் மூடத் தொடங்கியிருப்பார்கள்.

இந்தக் காற்றுக்கும் மழைக்கும் இடைப்பட்ட சில வாரங்கள்தான் கருவாடு போடும் பெண்களுக்குப் பொன்னான காலம். கடல் இறங்கிப்போனதால் மீன் வரும், வெயிலும் இருக்கும். ஒக்டோபர் நடுப்பகுதிக்குமேல் மழை பிடித்துக்கொண்டால் மீன் வந்தும் காயாது. கட்டா, சூடை, நெத்தலி என்று ஒவ்வொன்றுக்கும் வேறு பக்குவம். பெரிய மீனைக் கீறிக் குடல் எடுத்து, உப்பிலே ஓர் இரவு கிடத்தி, கழுவிக் காயவைக்க வேண்டும். நெத்தலிக்கு இவ்வளவு பாடு இல்லை, ஒரு நல்ல வெயில் போதும்.

இந்த வேலையில் அறுபது, எழுபது வயதுப் பெண்கள் பலரைக் காணலாம். இளையவர்கள் ஒரு கூடையை முடிக்கும் நேரத்தில் இவர்கள் அரைக் கூடையைத்தான் முடிப்பார்கள். ஆனால் எந்த மீன் இன்னும் ஒரு நாள் காய வேண்டும், எந்த மேகம் பெய்யாமல் போகும் என்பதை அவர்களிடம்தான் கேட்கிறார்கள். “ஏன் ஆச்சி, இந்த வயதிலும் அவசரமோ?” என்று ஒருவரிடம் கேட்டேன். “இப்ப ஆர் மகள் என்னை அவசரப்படுத்துறது? மழைதான்” என்றார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, எலைன் கம்மிங்கும் வில்லியம் ஹென்றியும் 1961இல் முன்வைத்த ஒரு கோட்பாட்டை மனப்பாடம் செய்திருக்கிறோம். முதுமை வந்ததும் மனிதர் சமூகத்திலிருந்து மெல்ல விலகுவதும், சமூகம் அவரை விடுவிப்பதும் இயல்பு என்பது அதன் சாரம். அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்து மக்களைப் பார்த்து எழுதியது. விலகி உட்காருவதற்கும் ஒரு வருமானம் வேண்டுமே! மாம்புரிக் கரையில் ஆச்சிமாரின் மெதுவான நடையைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஓய்வுபோலத் தெரியும். கிட்டப்போனால் முழங்கால் வீக்கம் தெரியும்.

அதே ஆச்சிக்கு ஒரு படிவம் நிரப்ப உதவினேன். ‘தொழில்’ என்ற இடத்தில் “ஒண்டும் இல்லையெண்டு எழுதுங்கோ” என்றார். நாற்பது வருடமாகக் கருவாடு போட்ட கை! மீனவர் ஓய்வூதியத் திட்டம் 1990இலேயே சட்டமாகிவிட்டது. ஆனால் அது தவணைப் பணம் கட்டியவர்களுக்கு உரியது. தன்னைத் தொழிலாளி என்றே எண்ணாத பெண் எங்கே போய்க் கட்டுவார்? இத்தனைக்கும் நம் நாட்டில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக ஆறேழு ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகள் பெரும்பாலும் விதவையாய், பிள்ளைகளின் வீட்டில் கழிபவை. 65 வயதைத் தாண்டியோர் 2012இல் நூற்றுக்கு எட்டுப் பேர்வரை இருந்தார்கள். 2024 கணக்கெடுப்பில் அது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

வாசிக்கும் சகோதரிகளில் முப்பது, நாற்பது வயதில் மீனோ வெங்காயமோ தையலோ செய்பவர்கள் இருந்தால், உங்கள் பிரதேச செயலகத்தில் எந்த ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம் என்று இந்த மாதமே விசாரியுங்கள். படிவத்தில் தொழிலைத் தொழில் என்றே எழுதுங்கள். வீட்டில் 60 வயது கடந்தவர் இருந்தால் முதியோர் அடையாள அட்டை எடுத்துக் கொடுங்கள். ஆஸ்பத்திரி வரிசையிலாவது உதவும்.

காசு கிடைத்தால் வேலையை விட்டுவிடுவீர்களா என்று ஆச்சியிடம் கேட்டேன். “மீனை ஏன் விடுறன்? பாரம் தூக்கமாட்டன். வெயில் ஏறினா வீட்டுக்குப் போயிடுவன். விரும்பின நேரம் வருவன்” என்றார். வருமானம் குறைந்த, 70 வயது கடந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025இல் 5,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. கூடை சுமக்க ஒரு பையனுக்குக் கூலி கொடுக்க அதில் கொஞ்சம் போதும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அவருக்கு எழுபது ஆக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.