இத்தனூண்டு துணி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் காரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே போதும், கூடவே ஆள் ஓடி வருவார். "சீட் கவரா சார்? ஃப்ளோர் மேட்டா? ஸ்டீயரிங் கவர் இங்கயே தைச்சுத் தரோம் சார்." அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் தொடங்கிவிடும் இந்தக் கடைகளில் காருக்கு வேண்டிய அலங்காரம் எல்லாம் கிடைக்கும். நானும் நண்பரும் போனது, யாரும் கூவி விற்காத ஒன்றுக்காக. அவருடைய பழைய ஸ்விஃப்ட்டில் கியர் கம்பியைச் சுற்றியிருக்கும் ரெக்சின் உறை மடிப்புக்கு மடிப்பு வெடித்துவிட்டது. அதை மாற்றுவதோடு, கியர் நாப், அதைச் சுற்றிய பிளாஸ்டிக் சட்டம் என்று அந்தப் பகுதி முழுவதையும் வீட்டு வாசலிலேயே தன் கையால் புதுசாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஓய்வு பெற்ற வங்கிக்காரர். நேரம் நிறைய இருக்கிறது.

பெரிய கடைகளில் ரெடிமேட் உறையை எடுத்து நீட்டினார்கள். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. நண்பர் அதை விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டீயரிங் தைத்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் தலையைத் தூக்காமலே, "சந்துக்குள்ள பாய் இருக்காரு, அவர்கிட்ட கேளுங்க" என்றான். நடைபாதையில் நிறுத்திய வண்டியின் கதவைத் திறந்து போட்டு, பாதி உடம்பை உள்ளே நுழைத்துக்கொண்டு, மெழுகு தடவிய நூலால் கையால் தைத்துக்கொண்டிருந்தான். அந்தத் தையலுக்கு மெஷின் கிடையாது. ஸ்டீயரிங்கைக் கழற்றாமல் வளையத்தோடு சேர்த்துத் தைப்பதால் கையும் ஊசியும் மட்டும்தான்.

பாயின் கடை என்பது ஒரு கட்டில் போடும் அகலம். ஒரு தையல் மெஷின், சுவரில் சாய்த்து வைத்த ரெக்சின் சுருள்கள், மேலே ஆணியில் தொங்கும் அட்டை அச்சுகள், மூக்கை அடைக்கும் ரப்பர் பசை வாசனை. வயது அறுபதை ஒட்டியிருக்கும். கிழிந்த உறையை நண்பர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தவர், முதலில் சொன்னதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

"சீட்டு சும்மா உக்காந்திருக்கும் சார். இது ஆடிக்கிட்டே இருக்கும். குஷன் வேலை தெரிஞ்சவன் எல்லாம் சீட்டு தைச்சுருவான். இதைத் தைக்கச் சொல்லிப் பாருங்க."

காரில் ஓட்டுநரின் கை ஸ்டீயரிங்குக்கு அடுத்தபடி அதிகம் போவது கியர் கம்பிக்குத்தான். சென்னைப் போக்குவரத்தில், ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவே அந்தக் கம்பி எத்தனை தடவை முன்னும் பின்னும் போகிறது என்று யோசித்தால் உறையின் பாடு புரியும். ஐந்து கியர் ஸ்விஃப்ட்டில் முதல் கியர் இடது மேல் மூலை, ரிவர்ஸ் வலது கீழ் மூலை. உறை இந்த இரண்டு மூலைக்கும் இழுபடாமல் போய்வர வேண்டும். துணி போதாமல் போனால் ரிவர்ஸ் போடும்போது அடிச்சட்டத்தையே கிளப்பிவிடும், இல்லையென்றால் தையல் பிரியும். அதிகமாகிவிட்டால் நியூட்ரலில் தொளதொளவென்று சரிந்து கிடக்கும். பார்க்கச் சகிக்காது.

இந்த வேலைக்கு ரொம்ப வயதாகிவிடவில்லை என்பது பாய் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. அவர் சிறுவனாகக் கடையில் சேர்ந்தபோது வந்ததெல்லாம் அம்பாசடரும் பத்மினியும். இரண்டிலுமே கியர் ஸ்டீயரிங் தண்டில்தான். முன் சீட் ஒரே நீளப் பெஞ்சு. தரையில் கியரே கிடையாது என்னும்போது உறை எங்கிருந்து வரும்? அவர் கற்றதெல்லாம் சீட்டின் ஸ்பிரிங்கைக் கட்டுவது, தேங்காய் நாரைத் தட்டிப் பரப்புவது, மேஸ்திரி கீழே சிந்தும் குத்தாணியைப் பொறுக்குவது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நம் நடுத்தரக் குடும்பங்கள் தரை கியரைப் பரவலாகக் கண்டது அதற்குப் பிறகுதான். அம்பாசடரிலும் 1990களின் தொடக்கத்தில் இசுசு இன்ஜின் வைத்த வண்டி வந்தபோது கியர் தரைக்கு இறங்கியது. "அப்ப ஆளாளுக்கு வந்து நிப்பாங்க சார். கியர் ராடுக்கு வெல்வெட்டு வேணும், குஞ்சம் வேணும்னு. மேஸ்திரிக்கே தெரியாது. நாங்களா பிரிச்சுப் பார்த்துக் கத்துக்கிட்டது."

இன்றும் அவர் பிரித்துப் பார்த்துத்தான் தொடங்குகிறார். பழைய உறையின் தையலைச் சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தார். நான்கு துண்டுகள் வந்தன. மேலே குறுகி, கீழே அகன்ற துண்டுகள். நான்கும் ஒரே அளவு என்றுதான் நானும் நினைத்தேன். முன் துண்டையும் பின் துண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். பின் துண்டு ஒரு விரல் அளவு நீளம். கம்பி காரின் தரையிலிருந்து நேராக எழும்பாமல் சாய்ந்து எழும்புவதால் வரும் வித்தியாசம் அது. துண்டுகளை அட்டையில் வைத்துக் கோடிழுத்தார். வெடித்த ரெக்சின் சுருங்கியிருக்கும் என்பதால் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தாராளமாக விட்டு, தையலுக்கும் தனியே இடம் விட்டு வெட்டினார். ஸ்கேல் பக்கத்திலேயே கிடந்தது. எடுக்கவில்லை.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நண்பருக்கும் அவருக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். நண்பர் அசல் தோல்தான் வேண்டும் என்றார். பெரியமேட்டுத் தோல் கடைகளில் வாங்கிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பாய் அதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "மெல்லிசுதான், மடிப்பு நல்லா விழும். ஆனா வெயில்ல நிக்கிற வண்டியா, நிழல்ல நிக்கிற வண்டியா?" கேள்வி நியாயமானது. மலிவான பி.வி.சி. ரெக்சினை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். அப்புறம் அது விறைத்து, மடிகிற இடத்தில் வெடிக்கும். பி.யு. ரெக்சின் தொட மிருது, ஆனால் கடலோரக் காற்றின் ஈரத்தில் நாளாவட்டத்தில் மேல்பூச்சு உரியும். தோல் இரண்டையும்விட நாள்பட உழைக்கும். அவ்வப்போது எண்ணெய்ப் பூச்சுக் கொடுக்காவிட்டால் அதுவும் வறண்டு பிளக்கும். நண்பரின் வண்டி நிற்கும் இடத்துக்குக் கூரை உண்டு. தோலே முடிவாயிற்று.

தைக்கும்போது பாய் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு துண்டுகளை முகம் சேர்த்து வைத்து உள்தையல். பிறகு விளிம்பை இரண்டு பக்கமும் பிரித்து மடித்து, ரப்பர் பசை தடவி, சின்னச் சுத்தியலால் தட்டிப் படியவைத்தார். அதன் பிறகுதான் வெளியே தெரியும் இரட்டைத் தையல், சிவப்பு நூலில். பருத்தி நூல் உராய்வில் தேயும், வியர்வையில் மக்கும் என்பதால் பாலியெஸ்டர் நூல். தையல் கொஞ்சம் நெருக்கமாக விழுந்தாலும் தோலில் ஊசி ஓட்டைகள் வரிசையாகச் சேர்ந்து, அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். தோலில் போட்ட ஓட்டை துணியில்போல மூடிக்கொள்ளாது, பிரித்துத் தைக்கவும் முடியாது. மெஷின் சக்கரத்தை மூலைகளில் காலால் ஓட்டாமல் கையால் உருட்டியது அதனால்தான்.

கியர் நாப்புக்காகப் புதுப்பேட்டை போனோம். கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் பிரித்த வண்டிகளின் உறுப்புகள் ரகவாரியாகக் குவிந்து கிடக்கும். அடிப்படை மாடல் வாங்கியவர்கள் உயர்ந்த மாடலின் கியர் சட்டத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம். அதே கம்பெனி, அதே வருஷத்து வண்டி என்றால் கிளிப் முதற்கொண்டு பொருந்தும். வாங்கும்போது கிளிப்பின் காதுகள் முழுசாக இருக்கின்றனவா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். பாதி சட்டங்கள் அவசரமாக நெம்பி எடுக்கப்பட்டவை.

ஆனால் நண்பர், நாப்பை மட்டும் கடைந்துதான் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மரக் கடைசல் பட்டறை ஒன்றில் தோதகத்திக் கட்டையைக் கொடுத்தார். கடைசல்காரர் உருண்டையாக்கும் வேலையைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கவலையெல்லாம் மரை பற்றித்தான். கம்பி முனையில் இருக்கும் மரை வண்டிக்கு வண்டி மாறும். ஹோண்டாவில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் தடிமன், 1.5 இடைவெளி. டொயோட்டாவில் 12, 1.25. "மரத்துல நேரா மரை போட்டா நாளைக்கே லூசாயிடும்ணே" என்று பித்தளைப் புஷ் ஒன்றை உள்ளே இறக்கி, அதில் மரை போட்டார். மரத்தைத் தேர்ந்தெடுத்ததில் நண்பரை நான் மெச்சுகிறேன். கடைகளில் பளபளக்கும் அலுமினிய நாப்பை மே மாதத்து மதியத்தில் தொட்டவர்கள் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

மற்றதெல்லாம் வீட்டுப் போர்டிகோவில் நடந்தது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல், ஹேண்ட் பிரேக். கியரை நியூட்ரலிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றிப் பார்க்கப் போகிறோம் என்பதால் இது கட்டாயம். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, சற்று நேரம் விட்டோம். பல கார்களில் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி கியர் பகுதிக்கு அடியில், நடுத்திட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த வயர்களைத் தொடக் கூடாது. சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் தகட்டால் ஓரம் ஓரமாகக் கிளப்பினார் நண்பர். பழைய பிளாஸ்டிக் நொறுங்கும் என்று முன்கூட்டியே ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டார். உள்ளே இன்னொரு ரப்பர் உறை இருக்கிறது. சத்தமும் புழுதியும் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். அழகு கருதி அதை வெட்டி எறிபவர்கள் உண்டாம்.

சட்டத்தின் வெள்ளிப் பூச்சு மோதிரம் உரசி உரசித் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. நண்பர் அதைத் தண்ணீர் உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, கறுப்பு மேட் பெயின்ட் ஸ்பிரே செய்தார். ஒரே தடவையில் தடிப்பாக அடிக்காமல் மெல்லிய பூச்சாகக் காயவிட்டுக் காயவிட்டு அடித்ததால் வழியவில்லை. பியானோ போலப் பளபளக்கும் கறுப்பு இப்போது நாகரிகம். நம் ஊர்ப் புழுதிக்கு அதைவிடப் பொருந்தாத ஒன்றைக் கார் கம்பெனிகளால் யோசித்திருக்க முடியாது. ஒரு தடவை துணியால் துடைத்தாலே கீறல் விழுகிறது.

பாய் தைத்த உறையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, கம்பியின் கழுத்தில் கேபிள் டை போட்டு இறுக்கி, பிறகு கீழே கவிழ்த்து, அடிச்சட்டத்தில் பசை வைத்து ஒட்டினோம். கியரை முதலிலிருந்து ரிவர்ஸ் வரை போட்டுப் பார்த்தார் நண்பர். எந்த மூலையிலும் இழுக்கவில்லை. ஸ்கேலைத் தொடாமல் பாய் விட்ட அந்தத் தாராளம் சரியாகப் போய் உட்கார்ந்திருந்தது.

கூலி கேட்டபோது பாய் முந்நூறு என்றார், கொஞ்சம் தயங்கி. "இத்தனூண்டு துணிக்கு முந்நூறான்னு கேப்பாங்க சார். சீட்டுக்குக் குடுக்கிறப்ப கேக்க மாட்டாங்க." அதுதான் இந்தத் தொழிலின் சிக்கல். துணியின் அளவை வைத்துக் கூலி பேசுகிறோம். அந்தச் சின்ன உறைக்கு அவர் செலவிட்ட கவனம், ஒரு சீட்டின் முதுகுப் பக்கத்துக்குத் தேவைப்படாது. சீட் கவர்கள் தொழிற்சாலையில் மொத்தமாக வெட்டித் தைக்கப்பட்டு மாடல் வாரியாகப் பெட்டியில் வந்துவிடுகின்றன. பாய் போன்றவர்களுக்கு மிஞ்சியிருப்பது ரிப்பேர்கள், பழைய வண்டிகள், இப்படி யாராவது ஆசைப்பட்டு வருவது. அவருடைய மகன் உணவு டெலிவரிக்குப் போகிறான். மெஷினில் உட்காரச் சொல்லி அவர் கேட்பதில்லையாம்.

கியரும் இடம் பெயர்ந்துகொண்டிருக்கிறது. 2014இல் மாருதி செலெரியோ கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஏ.எம்.டி. கியரோடு மலிவு விலையில் வந்ததிலிருந்து, ஆட்டோமேட்டிக் என்பது பணக்காரர் சமாச்சாரமாக இல்லை. அதிலாவது கம்பி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஹூண்டாய் செய்யும் 2025 கிரெட்டா எலெக்ட்ரிக்கில் கியர் மறுபடி ஸ்டீயரிங் பக்கத்துக்கே போய்விட்டது, அம்பாசடர் காலத்தில் இருந்த இடத்துக்கு. உறைக்கு அங்கே வேலை இல்லை. இதைச் சொன்னபோது பாய்க்கு அதிர்ச்சியெல்லாம் இல்லை. "வண்டி இருக்கிற வரைக்கும் ஏதோ ஒண்ணு கிழியும் சார்" என்றார்.

உங்கள் வண்டியின் கியர் பகுதியை வீட்டில் புதுப்பிக்க ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். கழற்றுவது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது, மாட்டுவது எல்லாம் பொறுமை உள்ள யாருக்கும் வரும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கம்பிக்குள் வயரும் பூட்டும் இருக்கும், மெக்கானிக்கிடம் விடுங்கள். உறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் குஷன் கடைக்குப் போங்கள். எந்த ஊரிலும் பஸ் ஸ்டாண்டையோ ஒர்க்‌ஷாப் தெருவையோ ஒட்டி ஒருவர் இருப்பார். அவர் சொல்லும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.