குமிழை நகர்த்தும் கை

ஆண்டுதோறும் மரநடுகை நாளன்று மாணவரை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு கன்று நட்டால் உலகின் வெப்பம் தணிந்துவிடும் என்று சொல்லி வந்தவர்கள் நாம். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவேண்டிய நிலை சென்ற தவணையில், எமது பாடசாலைக் கணனி அறையிலே, எமக்கு ஏற்பட்டது.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தினரும் 'கிளைமேற் இன்ரராக்ரிவ்' என்ற அமைப்பினரும் சேர்ந்து ஆக்கிய 'என்-றோட்ஸ்' என்னும் கணனி மாதிரி 2019ஆம் ஆண்டின் இறுதியில் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. நிலக்கரி, எண்ணெய், காபன் விலை, காடழிப்பு, மரநடுகை எனப் பல பெயர்களில் குமிழ்கள் திரையில் உள்ளன. ஒன்றை இடமோ வலமோ நகர்த்திய கணமே, 2100ஆம் ஆண்டில் பூமி எத்தனை பாகை வெப்பமடைந்திருக்கும் என்பதை அது கணித்துக் காட்டுகிறது. எதையும் தொடாது விட்டால் அந்த எண் 3 பாகை செல்சியசுக்கு மேல். 2015ஆம் ஆண்டுப் பரிஸ் உடன்படிக்கை வகுத்த எல்லையோ 2 பாகைக்கு நன்கு கீழே; இயன்றால் 1.5.

மாணவர் முதலில் நாடியது மரநடுகைக் குமிழையே. நாம் கற்பித்த பாடமல்லவா? அதைக் கடைசிவரை தள்ளினர். எண் ஒரு பாகையின் சிறு பின்னமளவே இறங்கிற்று. மரம் வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும், நிலமும் வேண்டும், அதற்கிடையில் புகைபோக்கிகள் ஓய்ந்திருப்பதில்லை. மாணவர் எம்மைத் திரும்பிப் பார்த்தனர். நாம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதனை விளக்கக் கிணற்றடித் தொட்டியைத் துணைக்கு அழைத்தோம். பம்பிலிருந்து விழும் நீர், அடித்துவாரத்தால் வெளியேறும் நீரைப்போல் இருமடங்கு என்று கொள்வோம். பம்பின் வேகத்தைக் கூட்டாமல் விட்டால் நீர்மட்டம் நின்றுவிடுமா? நில்லாது, ஏறிக்கொண்டே போகும். வளிமண்டலத்துக் காபனீரொட்சைட்டின் கதையும் இதுதான். நாம் வெளிவிடுவதில் ஏறத்தாழப் பாதியையே கடலும் காடும் உறிஞ்சுகின்றன. கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்தது இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவு எளிய உண்மையை மசாசூசெற்ஸ் நிறுவகத்தின் பட்டப்பின் மாணவருள்ளும் பெரும்பாலோர் பிழையாகவே விளங்கியிருந்தனர் என்பதை, ஜோன் ஸ்ரேமனும் லிண்டா பூத் சுவீனியும் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. எமது மாணவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்த வாரம், இதன் மூத்த மாதிரியான 'சி-றோட்ஸ்' கொண்டு நடத்தப்படும் 'உலகக் காலநிலை' என்ற பேச்சுவார்த்தைப் பயிற்சியில் இறங்கினோம். மாணவர் நாட்டுக் குழுக்களாகப் பிரிந்து, புகையை எவ்வளவு குறைப்பதென்று பேரம் பேசவேண்டும். செல்வந்த நாட்டாருக்கு விரிப்பிட்ட மேசையும் சிற்றுண்டியும். வறிய நாட்டாருக்குத் தரை. உலகின் ஏற்றத்தாழ்வை உடலால் உணரச் செய்வதற்காகவே இந்த ஏற்பாடு. நாமும் பாய் விரித்து ஒரு குழுவை அமர்த்தினோம். அதிலிருந்த மீனவர் மகள் ஒருத்தி கேட்டாள்: "சேர், விளையாட்டிலையும் நாங்கள்தானோ பாயிலை?"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

மேசைக் குழுவினர் காபன் விலையை உயர்த்தச் சொன்னார்கள். மாதிரியில் வலிமை மிக்க குமிழ்களுள் அது ஒன்று. அதை உயர்த்திப் பார்த்தபோது எண் நன்றாகவே இறங்கியது. எல்லோரும் மகிழ்ந்த வேளையில் அவள் மீண்டும் எழுந்தாள். 2022 ஆகத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது தன் தகப்பனின் வள்ளம் கரையிற் கிடந்ததைச் சொன்னாள். அந்த ஏற்றம் காபன் விலையால் வந்ததன்று. ஆயினும் விலை ஏறும்போது முதலில் அடுப்பணைவது எந்த வீட்டில் என்பதை அவள் அறிவாள். ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு 14 தொன்னளவு காபனீரொட்சைட்டுக்குக் காரணராகையில், எமது நாட்டவர் ஒருவரின் பங்கு ஏறத்தாழ ஒரு தொன் மாத்திரமே. அவளுக்குச் சொல்ல எம்மிடம் விடை இருக்கவில்லை.

அப்படியாயின் இக்கருவியை ஒதுக்கிவிடலாமா? கூடாது. ஆனால் அதன் குலமரபை அறிந்து கையாளவேண்டும். மசாசூசெற்ஸில் ஜே பொறெஸ்ரர் தொடக்கிய துறையிலிருந்தே 1972இல் 'வளர்ச்சியின் எல்லைகள்' என்ற புகழ்பெற்ற நூல் பிறந்தது. போக்குகள் இப்படியே தொடர்ந்தால் உலகம் என்னவாகும் என்று அது கேட்டது. ஆர்ஜென்ரீனாவின் பரிலோசே நிறுவகத்தில் அமில்கார் எரேரா தலைமையிலான அறிஞர் அக்கேள்வியையே மறுத்தனர். எல்லா மக்களுக்கும் உணவும் உறையுளும் கல்வியும் சுகாதாரமும் கிடைக்கும் சமத்துவ சமுதாயம் இயலுமா என்று கேட்டு, 1976இல் வேறொரு மாதிரியை வெளியிட்டனர். தடையாக நிற்பது பூமியின் வளமன்று, சமுதாய அமைப்பே என்பது அவர்கள் கண்ட முடிவு. கணக்கு இருதரப்பாருக்கும் பொதுவான கருவியே. கேள்வியைத் தெரிந்தெடுத்த கைகள் வேறு.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுதான். இக்கணனி மாதிரியை வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதையும், தனியொரு மருந்தால் இந்நோய் தீராது என்பதையும் ஒரு மணி நேரத்தில் அது உணர்த்திவிடும். நாம் பல ஆண்டுகளாகக் கற்பித்த பிழையை ஒரு நிமிடத்தில் அது திருத்தவில்லையா? ஆனால் ஒவ்வொரு குமிழையும் நகர்த்துமுன் இரு கேள்விகளை மாணவரைக் கேட்கச் செய்யுங்கள்: இதை நகர்த்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நகர்த்தினால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் திரையிலே குமிழ் இல்லை. அவற்றை வகுப்பிற்குள் கொண்டுவருவது எமது கடமை.

அடுத்த தவணையும் அந்தப் பயிற்சியை நடத்தவிருக்கிறோம். பாயும் இருக்கும், மேசையும் இருக்கும். இம்முறை, பாதிப் பேச்சில் இரு குழுவினரையும் இடம் மாற்றி அமர்த்த எண்ணியுள்ளோம். மரநடுகை நாளிலும் கன்றுகள் நடுவோம், நிழலுக்காக, மண்ணுக்காக. அதற்குமேல் ஒரு பொய்யும் சொல்லமாட்டோம்.